இரண்டங்குலப் படம்

பூரணியைப் பொறுத்தவரை திருகோணமலைப் பட்டினத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் அச்சகத்துக்கு வருகிறவர்கள் ஒரு வகை. அச்சென்றால் என்னவென்று தெரியாமல் அச்சகத்தை நடத்துகிறவர்கள் மற்ற வகை. முதல் வகை ஊர் நிறைய இருந்தது. இரண்டாம் வகைக்கு ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் முதலாளி சோமசேகரத்தின் மருமகன் ஆனந்தராசா.

ஓர்ஸ் ஹில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் சோமா அச்சகம் இருந்தது. முன்னுக்கு ஒரு மேசை, வருகிறவர்கள் இருக்க இரண்டு கதிரை, பின்னுக்கு எழுத்துப் பெட்டிகள், அதற்கும் பின்னால் கிண்ணியாவைச் சேர்ந்த தாஹிர் காலால் மிதித்து ஓட்டும் மெசின். முதலாளி பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும், இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மருமகனைக் கூட்டிவந்து முன்மேசையில் இருத்தினார்கள். வந்த முதல் வேலையாக அவன் ஒரு சின்னப் பலகையில் ‘மனேச்சர்’ என்று பெயின்ற் அடித்து மேசையில் வைத்தான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது பலகையின் மூலையில் நசுங்கிக் கிடந்தது. பூரணி அதை வருகிற ஆட்களுக்கெல்லாம் கண்ணால் காட்டினாள்.

அவள் கொழும்பில் ஒரு பெரிய அச்சகத்தில் எழுத்துக் கோத்து, பக்கம் அமைத்து, கை தேர்ந்து வந்தவள். தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பியவள் சோமா அச்சகத்தில் சேர்ந்து அப்படியே நின்றுவிட்டாள். அங்கே அவள் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே ஓர் ஆணிக்காரன் சொல்ல அவள் கேட்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றை மூடி மறைக்கிற பழக்கமும் அவளுக்கில்லை.

வருகிறவர்களிடம் அவள் பேசுகிற பேச்சைக் கேட்பதற்கென்றே தாஹிர் சில நேரம் மெசினை நிறுத்துவார். ஒருநாள் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒருவர் கூட்ட அறிவித்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“எழுத்தைப் பெரிசாப் போடுங்கோ பிள்ளை.”

“பெரிசாவோ, தடிப்பாவோ?”

“ரெண்டும் ஒண்டுதானே.”

பூரணி கையிலிருந்த ஈய எழுத்தைக் கீழே வைத்தாள். “பெரிசு எண்டது உயரம். தடிப்பு எண்டது மொத்தம். ஒரே உயரத்தில மெல்லிசாயும் எழுத்து இருக்கு, மொத்தமாயும் இருக்கு. ரெண்டும் ஒண்டெண்டா, நீங்களும் வாசல்ல நிக்கிற உங்கட கார் றைவரும் ஒண்டுதான். அவர் உயரம். நீங்கள் மொத்தம்.”

தலைவருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று பிடிபடவில்லை. “அப்ப தடிப்பாவே போடுங்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாம்பல்தீவிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர், பள்ளிக்கூட விழா அழைப்பிதழுக்கு ஓரத்தை வடிவாகப் போடச் சொன்னார். “ஓரம் போடுறேல்லை மாஸ்டர், விடுறது. ஒண்டும் அடிக்காமல் தாளைச் சுத்திவர விடுற வெறும் இடம்தான் ஓரம். நீங்கள் கேக்கிற பூவும் கொடியும் கட்டம் மாதிரி அடிக்கிற போடர். வெறும் இடத்தில பூ பூக்கிறது எப்பிடியெண்டு உங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறியளோ?” மூதூர்த் துணிக்கடைக்காரர் ஒருவர், பிழை பார்க்கக் கொடுத்த புரூஃபையே முடிந்த நோட்டீஸ் என்று நினைத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். ஐந்து எழுத்துப் பிழையும் மைக் கறையுமாக அது ஒரு கிழமை ஊருக்குக் காட்சி கொடுத்தது. அவருக்குப் பூரணியிடம் கிடைத்த ஏச்சைப் பற்றி மூதூரில் இன்றும் கதைப்பார்கள்.

பூரணி சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அவள் பிழையாகச் சொல்லுகிற ஆளே இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு விசயத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கும் அதை அவருடைய தலையில் போடுவதற்கும் இடையில் அவளுக்கு வேறுபாடு தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவுமில்லை.

ஆனந்தராசாவுக்கு வந்த புதிதில் கேட்கிற பழக்கம் இருந்தது. “அக்கா, இது என்ன? அக்கா, அது ஏன்?” என்று எழுத்துப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவான். அப்போது ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் பாராட்டு விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் அடிக்க வந்தது. படத்தை ஈயத்திலே நேரே அடிக்க முடியாது. கொழும்புக்கு அனுப்பி உலோகத் தகட்டில் புளொக் செய்து எடுக்க வேண்டும். புளொக்கிலும் இரண்டு வகை. கோட்டுச் சித்திரத்துக்கு லைன் புளொக். அதற்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். நிழலும் வெளிச்சமும் கலந்த புகைப்படத்துக்கு ஹாஃப்டோன். அது படத்தைச் சின்னச் சின்னப் புள்ளியாக உடைத்துக் காட்டும். ஆனந்தராசா அதிபரின் படத்துக்கு லைன் புளொக் கேட்டு எழுதிவிட்டான். புளொக் வந்தது. அடித்துப் பார்த்தால் மீசை இருந்தது, கண்ணாடி இருந்தது, அதிபர் இல்லை.

பூரணி அதை ஒரு மாதம் விற்றாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, “இது எங்கட மனேச்சர் செய்த அதிபர்” என்று சொன்னாள். ஆனந்தராசா முன்மேசையில் இருந்து கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்தபடி இருந்தான். காது மட்டும் சிவந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் “தெரியும், தெரியும்” என்றான். தொல்லை விட்டது என்று பூரணி நினைத்தாள்.

எழுபத்துநாலாம் ஆண்டு அது. அரிசிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, கடதாசிக்குக் கோட்டா. ஒரு துண்டு மட்டையும் எறியக்கூடாது என்று முதலாளி படுக்கையில் கிடந்தபடியே சொல்லி அனுப்பியிருந்தார். தாஹிர் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை மெசினுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வெட்டிக் கழித்ததெல்லாம் அதற்குள்ளே போகும். கொழும்பிலிருந்து வருகிற புளொக்குகளின் மரக்கட்டை சில நேரம் உயரம் குறைந்து கொஞ்சம் பதிவாக இருக்கும். எழுத்தின் உயரத்துக்கு அது வராவிட்டால் படம் வெளிறி விழும். அதனால் தகரத்திலிருந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்துக் கட்டையின் அடியில் ஒட்டி அதை உயர்த்துவார். எல்லா அச்சகத்திலும் செய்கிற வேலைதான்.

ஒரு காலை பாக்கியரத்தினம் வந்தாள். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த அருளம்பலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்ததை ஊர் அறியும். அவருடைய முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். கல்வெட்டென்றால் செத்தவரின் வரலாறும், புலம்பல் பாட்டும், முகப்பில் படமுமாக வருகிற சின்னப் புத்தகம். அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்காமல் விட்டால் வீட்டுக்காரருக்கு மானம் போய்விடும். கணவனை இழந்த பெண் முப்பத்தொன்று கழியுமுன் வீதியில் இறங்கினால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். அவளுக்கு அனுப்ப ஆளில்லாமல் இல்லை. கொண்டுவந்த பொருளை வேறொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சேலைத் தலைப்பை விலக்கி, துணியில் சுற்றியதை மேசையில் வைத்தாள். “படம் கொண்டந்தனான் பிள்ளை. இது ஒண்டுதான் இருக்கு.”

அஞ்சலட்டை அளவில் ஒரு புகைப்படம். அருளம்பலம் கதிரையில் விறைப்பாக இருக்கிறார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. அவருக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையின் மேல் இரண்டு வயதுப் பெண் குழந்தை, லேஸ் வைத்த சட்டையோடு நிற்கிறது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு கையால் தகப்பனின் தோளைப் பற்றிப் பிடித்திருக்கிறது.

“தவமலர்” என்றாள் பாக்கியரத்தினம். “மூண்டு வயசில காய்ச்சல் வந்து எங்களை விட்டிட்டுப் போட்டா. பிறகு சூறாவளிக்கு வீடு போகேக்க எல்லாம் போட்டுது. அவர் இதைத் துறைமுகத்தில தன்ர பெட்டிக்குள்ள வச்சிருந்தபடியா இது ஒண்டு தப்பினது. அவவின்ர முகம் இதிலதான் இருக்கு. வேற எங்கயும் இல்லை.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “ரெண்டு பேரையும் சேத்துப் போட ஏலாதோ?”

பூரணி மூச்சை இழுத்து விட்டாள். செத்த வீட்டுக்காரர் என்றாலும் விளக்கம் இல்லாத கேள்வி விளக்கம் இல்லாத கேள்விதான். “கல்வெட்டு ஆருக்கு அக்கா? அவருக்கு. புத்தகம் சின்னன், படத்துக்குக் கிடைக்கிறது ரெண்டங்குல அகலம். முழுப் படத்தையும் அதுக்குள்ள சுருக்கினா அவற்ற தலை மிளகு மாதிரி வரும், பிள்ளை கடுகு மாதிரி வருவா. தலையும் தோளும் மட்டும் எடுத்தாத்தான் ஆளைத் தெரியும்.”

“எடுக்கிறதெண்டா எப்பிடி?”

“அது எங்கட வேலை. உங்களுக்கு விளங்காது.”

பாக்கியரத்தினம் தலையை ஆட்டினாள். “புத்தகத்தில அவ வராட்டிப் பறவாயில்லை. படம் எனக்குத் திரும்பி வந்தாப் போதும்.”

“இது பெட்டிக்கடை இல்லை அக்கா. இங்க குடுத்தது குடுத்த மாதிரித் திரும்பி வரும்.”

பாக்கியரத்தினம் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

கொழும்புக்கு எழுதுவதும் அனுப்புவதும் மனேச்சரின் பொறுப்பு. பூரணி படத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். கதிரையில் யாரோ இரண்டு பேர் பில் புத்தகம் வாங்க வந்து இருந்தார்கள். ஆள் இருக்கும்போது அவளுக்கு நாக்கில் சுரம் ஏறும்.

“ஹாஃப்டோன். புளொக் ரெண்டங்குலத்துக்கு மூண்டங்குலம். தலையும் தோளும் மட்டும். குறொப் பண்ணி அனுப்புங்கோ. குறொப் பண்ணுறதுக்கும் சுருக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியும்தானே மனேச்சர்? இல்லாட்டி இன்னொரு அதிபரைக் காணாமல் ஆக்கிப்போடுவியளோ?”

கதிரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

“தெரியும்” என்றான் ஆனந்தராசா. காது சிவந்தது.

அவனுக்குத் தெரியாது என்பது பூரணிக்கு அந்தக் காதிலேயே தெரிந்தது. எத்தனையோ தரம் அவள் கையாலேயே செய்த வேலை அது. படத்தின் மேல் மெல்லிய தாளைப் போர்த்தி, எந்தப் பகுதி வேண்டும் என்று அந்தத் தாளில் பென்சிலால் கோடு போட வேண்டும், அது குறொப். வேண்டிய அளவைப் பக்கத்தில் எழுதிவிட்டால் கொழும்புக்காரனின் கமரா அதைச் சுருக்கும் அல்லது பெருப்பிக்கும். படத்தில் ஒரு கீறலும் விழாது. ஒரு குழந்தைக்குச் சொன்னாலும் விளங்கும். ஆனால் இவனுக்கு எதற்குச் சொல்லவேண்டும்? பிழையாக எதையாவது எழுதுவான், கொழும்புக்காரன் விளங்காமல் திருப்பி எழுதுவான், இன்னொரு மாதத்துக்குச் சிரிக்கலாம். பூரணி எழுத்துப் பெட்டிக்குத் திரும்பினாள்.

கொழும்புக்காரன் திருப்பி எழுதவில்லை. பார்சல் மெயில் ரெயினில் ஒழுங்காக வந்தது. புளொக் பளபளவென்று இருந்தது, புள்ளிகள் துப்புரவாக இருந்தன. படம் இருந்த கடித உறையை ஆனந்தராசா எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் போட்டான். பூரணிக்குச் சற்று ஏமாற்றம்தான். கட்டை கொஞ்சம் பதிவு என்று தாஹிர் சொன்னார். அடியில் மட்டை ஒட்டி, மெசினில் ஏற்றி, ஒரு புரூஃப் அடித்துக் கொடுத்தார்.

நல்ல பக்கம். அதைச் சொல்லத்தான் வேண்டும். சுற்றிவரத் தாராளமான ஓரம். பூவும் கொடியும் இல்லாமல் ஒரு மெல்லிய கோடு. நடுவில் அருளம்பலம் விறைப்பாக முன்னே பார்த்தார். ஒரே ஒரு குறை. அவருடைய தோளில், படம் முடிகிற இடத்தில், நாலு சின்ன விரல்கள் இருந்தன. கை இல்லை, ஆள் இல்லை, விரல் மட்டும். கோட்டைக் கொஞ்சம் உள்ளுக்குப் போட்டிருந்தால் அது வந்திராது. மொக்கன், கோடு போடவும் தெரியவில்லை என்று பூரணி மனதுக்குள் வைதாள்.

பாக்கியரத்தினம் புரூஃப் பார்க்க வந்தபோது கணவனின் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு அவள் விரல் அந்தத் தோளுக்குப் போனது.

“இஞ்ச பாருங்கோ. அவவின்ர கை.”

அந்த முகம் மலர்ந்ததைப் பூரணி எதிர்பார்க்கவில்லை. அந்த விரல்களை எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

“வேண்டாம் எண்டு சொன்னாலும் தகப்பனோட வந்திட்டா, பாருங்கோ” என்று பாக்கியரத்தினம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் இருந்த துணியை எடுத்து மேசையில் விரித்தாள். “படத்தைத் தாங்கோ பிள்ளை. கொண்டு போறன்.”

ஆனந்தராசா லாச்சியைத் திறந்து உறையைக் கொடுத்தான். பாக்கியரத்தினம் உள்ளே இருந்ததை எடுத்தாள். தலையும் தோளும். இரண்டங்குல அகலம், மூன்றங்குல உயரம். கத்தரிக்கோல் நேராகப் போயிருந்தது. அந்த ஒரு வேலையை அவன் கவனமாகத்தான் செய்திருக்கிறான்.

அவள் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். பிறகு உறைக்குள் விரலை விட்டுத் தடவினாள். “பிள்ளை எங்க?” என்று கேட்டாள்.

பூரணி ஆனந்தராசாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி, பிள்ளை எங்க?”

“பூரணி அக்கா ரெண்டங்குல புளொக் எண்டு சொன்னவ” என்றான் ஆனந்தராசா. “அப்ப ரெண்டங்குலப் படம்தானே அனுப்போணும் எண்டு நினைச்சன்...”

பூரணிக்கு உச்சந்தலையில் ஏறியது. “படத்தையா வெட்டினனீங்கள்? படத்தையா? குறொப் எண்டா கோடு போடுறதடா மொக்கா! மேல தாள் போட்டுக் கோடு போடுறது! தெரியாட்டி வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவன் அவளை இப்படி நேராகப் பார்த்ததில்லை.

“உங்களிட்டயா?” என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். அதற்குள் மெசின் பக்கத்திலிருந்து தாஹிர் பிஸ்கட் தகரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மேசையில் கொட்டினார். மட்டைத் துண்டுகள், பழைய அழைப்பிதழ்களின் மூலைகள், அவற்றுக்கிடையில் அருளம்பலத்தின் முழங்காலும் சப்பாத்துக் காலும். குழந்தை இல்லை. தாஹிர் தேடவும் இல்லை. அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

“நான்தான் தங்கச்சி” என்றார். யாருக்குச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. “கட்டைக்கு அடியில ஒட்டுறதுக்கு மட்டை தேடினன். இது அளவாக் கிடந்தது. சின்னப் பிள்ளைட படம் எண்டு கண்டனான். மனேச்சர் கழிச்சுப் போட்டதுதானே எண்டு நினைச்சன்.”

அவர் போய் மெசினிலிருந்து எழுத்தும் புளொக்கும் இறுக்கிய சட்டத்தை இறக்கி, புளொக்கைக் கழற்றிக் கொண்டுவந்தார். மேலே உலோகத்தில் அருளம்பலம். கட்டையைத் திருப்பினார். அடியில் ஒரு வெள்ளைத் துண்டு, கட்டையின் அளவுக்குச் சரியாக வெட்டி ஒட்டியிருந்தது. படத்தின் பின்பக்கம். ஸ்டூடியோக்காரனின் ரப்பர் முத்திரையில் பாதி தெரிந்தது.

“முகத்தை வெளியில வச்சு இரும்பில நசுக்க மனம் வரேல்ல” என்றார் தாஹிர். “அதால முகத்தை உள்ளுக்கு வச்சு ஒட்டினன்.”

பாக்கியரத்தினம் கட்டையை வாங்கிப் பார்த்தாள். “கழட்டுங்கோ.”

தாஹிர் பேனாக்கத்தியை எடுத்து ஒரு மூலையை நெம்பினார். கடதாசி எழும்பியது. ஆனால் அதில் இருந்த படம் எழும்பவில்லை. அதன் தோல் மரத்தோடு நின்றுவிட்டது. குழந்தையின் சட்டை லேஸ் இருந்திருக்க வேண்டிய மூலை வெள்ளையாக உரிந்து வந்தது.

“தண்ணியில ஊறப்போட்டா?” என்று ஆனந்தராசா மெல்லக் கேட்டான்.

“பசை விடுறதுக்கு முன்னம் படம் கரைஞ்சு போம்” என்றாள் பூரணி. அவள் குரலில் இப்போது குத்தல் இல்லை. குத்துவதற்கு மூச்சு இல்லை.

தாஹிர் இன்னும் கொஞ்சம் நெம்பப் போனார். பாக்கியரத்தினம் அவர் கையைப் பிடித்தாள். “விடுங்கோ. இனிமேல் அவவை உரிக்க வேண்டாம்.”

பூரணி பேசத் தொடங்கினாள். அக்கா, இது இப்படிச் செய்கிற வேலை இல்லை என்றாள். ஒரு மெல்லிய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். படத்தை இங்கே வைக்கவேண்டும், மேலே இந்தத் தாளைப் போர்த்தவேண்டும், இங்கே ஒரு கோடு, இங்கே ஒரு கோடு, பக்கத்தில் அளவு. வெட்டுவது வேறு, குறிப்பது வேறு, சுருக்குவது வேறு. படத்தில் கையே படாது. பென்சிலை எடுத்துக் கோடு போட்டும் காட்டினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பொறுமையாக யாருக்கும் எதையும் சொன்னதில்லை. சொல்லி முடிக்க அதிக நேரமும் எடுக்கவில்லை.

பாக்கியரத்தினம் முழுவதையும் கேட்டாள். கோடுகளையும் பார்த்தாள்.

“எனக்கே விளங்குது” என்றாள். “இதைத் தம்பிக்குச் சொன்னனீங்களோ?”

“அவர் தனக்குத் தெரியும் எண்டு சொன்னவர்.”

“அவருக்குத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும், என்ன பிள்ளை?”

பூரணிக்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் ஒரே ஒரு சொல். அதைச் சொல்லாமல் பென்சிலைக் கீழே வைத்தாள். பாக்கியரத்தினம் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. அவள் பூரணியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பூரணி தாங்கியிருப்பாள். எழுத்தைப் பெரிசாக்கக் கேட்டு வந்தவர்களை, ஓரத்தில் பூ வைக்கச் சொன்னவர்களை, பூரணி எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பாக்கியரத்தினம் அவளைப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையே என்ற பார்வை. அதைத் தன் முகத்தில் வாங்கும்போது எப்படி இருக்கும் என்று பூரணிக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனந்தராசா கதிரையை விட்டு எழும்பி நின்றான். “அக்கா, காசு ஒண்டும் வேண்டாம். கல்வெட்டை நாங்கள் அடிச்சுத் தாறம். இந்த புளொக்கை வச்சு வடிவா...”

“இதை வச்சோ?” பாக்கியரத்தினம் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒருக்கா இவவை இரும்பில குடுத்து நசுக்கவோ? படம் வேண்டாம் தம்பி. படம் இல்லாமல் அடியுங்கோ.”

கட்டையைத் துணியில் வைத்து, வெட்டிய தலையையும் தோளையும் அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றினாள். வந்தபோது இலேசாக இருந்த பொட்டலம் போகும்போது பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தாஹிர் வாசல்வரை போய் நின்றார். உள்துறைமுகப் பக்கமிருந்து ஏதோ ஒரு கப்பலின் ஊதல் கேட்டது.

அன்று பின்னேரம் பூரணி பக்கத்தை மறுபடி அமைக்க உட்கார்ந்தாள். புளொக் இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். அதை எப்படி நிரப்புவது என்று அவளுக்கு நூறு வழி தெரியும். குத்துவிளக்குச் சித்திரம் பெட்டியில் இருந்தது, தாமரை இருந்தது, ஓம் இருந்தது. பாட்டை மேலே ஏற்றினால் பள்ளம் இருந்ததே தெரியாது. அவள் ஒன்றையும் தொடவில்லை. அச்சில் விழாத வெற்று ஈயக் கட்டைகளை எடுத்து அந்த இடத்தை இரண்டங்குலத்துக்கு மூன்றங்குலமாக அடைத்து இறுக்கினாள். சுற்றியிருந்த மெல்லிய கோடு அப்படியே இருந்தது. தாஹிர் ஒரு புரூஃப் அடித்துத் தந்தார்.

யாரோ பக்கத்தில் நிற்பது தெரிந்தது. ஆனந்தராசா. அழுதிருந்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதும் பிடிக்கவில்லை, அவன் சட்டையில் வழிந்திருந்த மையும் பிடிக்கவில்லை. அவனை அவளுக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அவன் அந்தப் பக்கத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, வெற்றிடத்தைச் சுட்டுவிரலால் காட்டினான்.

“அக்கா, இதுக்கு என்ன பேர்? இதுவும் ஓரமோ?”

நல்ல பதில் ஒன்று அவள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. இரும்புக் கடையும் ஆணியும் சேர்ந்த பதில். பின்னால் தாஹிர் மிதியில் காலை வைத்தபடி, மிதிக்காமல் நின்றார்.

பூரணி அதை விழுங்கினாள். விழுங்குவது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை.

“இல்லை” என்றாள். “ஓரம் எண்டது நாங்கள் விரும்பி விடுறது. இது அப்பிடி இல்லை. இது படம் இருந்த இடம்.”

அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். விளங்கினாலும் அப்படித்தான் ஆட்டுவான், விளங்காவிட்டாலும் அப்படித்தான். அவள் பென்சிலை எடுத்து ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

“விளங்கினதோ, இல்லையோ?” என்று கேட்டாள். “விளங்காட்டிச் சொல்லுங்கோ. நான் சிரிக்கமாட்டன்.”

அவன் அவளை நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.